மொழியோடு எந்த மாட்யூல்களைச் சேர்த்து அனுப்புவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு நிரல்மொழியின் அடுத்த வெளியீடு நெருங்கும்போதெல்லாம் அதை உருவாக்குகிறவர்களிடையே ஒரு விவாதம் கிளம்பும். ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தைப் படிக்கும் மாட்யூலைச் (ஒரு வேலைக்கென முன்பே எழுதிவைத்த நிரல் பகுதியை) சேர்க்கலாமா, தரவுத்தள மாட்யூல் வேண்டாமா, இணையத்தோடு பேச எல்லாரும் பயன்படுத்துகிற எச்டிடிபி (HTTP) லைப்ரரியை ஏன் ஒவ்வொருவரும் தனியாகத் தேடி நிறுவ வேண்டும்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோரிக்கையும் நியாயமாகத்தான் இருக்கும். "இது பயனுள்ளதா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றே பதில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தரும் கேள்வியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இந்த மாட்யூலில் நாளை ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், திருத்தத்தை யார், எந்தக் கால அட்டவணைப்படி வெளியிடுவார்கள்? மொழி வெளியாகும் நாள் வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது மாட்யூல் மட்டும் தனியாக வெளிவர முடியுமா? அதோடு இன்னொன்று: பத்து ஆண்டு கழித்து இதைத் தேடுவார் யாரும் இல்லை என்றால், யாருடைய நிரலையும் உடைக்காமல் வெளியே அனுப்ப வழி இருக்கிறதா? பல மொழிகள் இந்தக் கேள்விகளுக்கு வேறுவேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. எல்லாவற்றையும் உள்ளே வைப்பது, மிகக் குறைவாக உள்ளே வைப்பது, மொழியைச் சிறிதாக வைத்துக்கொண்டு தனியாக ஒரு பெரிய தொகுப்பு வெளியிடுவது, கூடவே அனுப்பினாலும் கழற்றக்கூடியதாக அனுப்புவது என நான்காக அவற்றைப் பிரிக்கலாம்.

எல்லாம் உள்ளே

இந்த வழியில் முதலில் நினைவுக்கு வருவது பைத்தான். "பேட்டரியோடு வரும் மொழி" என்பது அதன் பழைய முழக்கம். நிறுவிய உடனேயே ஜிப் (zip) கோப்பைத் திறக்கலாம், சிஎஸ்வி அட்டவணைக் கோப்பைப் படிக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளமும் கூடவே வருகிறது. இணையம் இல்லாத கணினியில் வேலை செய்பவருக்கும், ஒவ்வொரு வெளி பேக்கேஜுக்கும் (தனியாக இறக்கி நிறுவும் லைப்ரரிக்கும்) பாதுகாப்புப் பிரிவின் அனுமதிக்காகக் காத்திருக்கும் ஊழியருக்கும், முதல்முறை நிரல் எழுதும் மாணவருக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை மொழி உருவாக்குகிறவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. இணையமும் அனுமதியும் நேரமும் தாராளமாக உள்ளவர்களுக்கு மட்டும் "வேண்டியதை நிறுவிக்கொள்ளுங்கள்" என்ற பதில் போதும்.

ஆனால் உள்ளே வந்த மாட்யூல் அன்றோடு மெதுவாகிவிடுகிறது. பைத்தானின் புதிய பதிப்பு இப்போது ஆண்டுக்கு ஒன்று, அக்டோபர் மாதத்தில் வருகிறது. ஒரு மாட்யூலில் சின்ன வசதி ஒன்று சேர்க்க வேண்டுமென்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டும். அப்புறம் பயன்படுத்துகிறவர் மொழியையே புதுப்பித்தால்தான் அந்த வசதி அவர் கைக்கு வரும். பேக்கேஜ் உருவாக்க 2000-இல் சேர்க்கப்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் இப்படித்தான் பின்தங்கியது. வெளியே வளர்ந்த செட்டப்டூல்ஸ் அதைத் தாண்டிப் போய்விட்டது. 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்தே விட்டார்கள்.

வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் பைத்தானிடமே சான்று இருக்கிறது. காலாவதியான மாட்யூல்களை நீக்கும் முன்மொழிவு 2019-இல் எழுதப்பட்டது; 2022-இல் ஏற்கப்பட்டது; 2024 அக்டோபரில் வந்த 3.13-இல்தான் முழுமையாக நிறைவேறியது. சிஜிஐ, டெல்நெட்லிப், என்என்டிபிலிப், ஆடியோஆப், கிரிப்ட் உட்பட 19 மாட்யூல்கள் போயின. அவற்றில் பலவற்றைப் பல ஆண்டுகளாக யாரும் கவனித்துப் பராமரிக்கவில்லை. அப்படியிருந்தும் ஆடியோஆப் போனதும் குரல் சார்ந்த நிரல்கள் தடுமாறின. அதை வெளி பேக்கேஜாக வேறு சிலர் எடுத்து நடத்த வேண்டி வந்தது. "யாரும் பயன்படுத்தவில்லை" என்று நாம் நினைக்கும் எதையும் யாரோ ஒருவர் எங்கோ பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

இங்கே ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பைத்தானில் எச்டிடிபி வேலைக்குப் பெரும்பாலானோர் நாடுவது அதைத்தான். அதை மொழியோடு சேர்க்கலாமா என்று 2015 வாக்கில் தீவிரமாகவே பேசினார்கள். சேர்க்கவில்லை. பாதுகாப்பு சார்ந்த ஒரு லைப்ரரி தன் வேகத்தில் வெளியாக முடிய வேண்டும் என்பது முக்கியமான காரணம். அதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் எச்டிடிபி மாட்யூலின் ஆவணத்திலேயே, வசதியான இடைமுகம் வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பைத்தானோடு பிப் என்ற நிறுவும் கருவி வருகிறது. அந்தக் கருவி தன் வயிற்றுக்குள் ரிக்வெஸ்ட்ஸின் நகல் ஒன்றை வைத்திருக்கிறது. ஆக, லைப்ரரி கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அது பிப்பின் சொந்த உபயோகத்துக்கு மட்டும், மற்றவர்கள் அதைத் தொடக் கூடாது. பிப்பைத் தனியாகப் புதுப்பித்தால் உள்ளிருக்கும் நகலும் புதுப்பிக்கப்படும். எது மொழியோடு வர வேண்டும், எது மொழியின் வாக்குறுதியாக ஆக வேண்டும் என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உதாரணமும் காட்டவில்லை.

கோ மொழி இதே வழியில் இன்னும் இறுக்கமாகப் போகிறது. 2012 மார்ச்சில் 1.0 வந்தபோது, கோ 1-க்கு எழுதிய நிரல் அதன் பின்வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதனால் உள்ளே போன எதையும் வெளியே எடுக்க வழியில்லை. ரேண்டம் எண் மாட்யூலின் வடிவத்தை மாற்ற விரும்பியபோது பழையதைத் தொடாமல், 2024 பிப்ரவரியில் வந்த 1.22-இல் பக்கத்திலேயே "வி2" என்று இன்னொன்றை வைத்தார்கள். இனி இரண்டையும் பராமரிக்க வேண்டும். 2023 அக்டோபரில் எச்டிடிபி/2 நெறிமுறையில் "ரேபிட் ரீசெட்" என்ற தாக்குதல் வழி வெளியே தெரியவந்தது. கோவின் எச்டிடிபி சர்வர் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் (மொழியோடு கூடவே வரும் மாட்யூல்களின் தொகுப்புக்குள்) இருப்பதால், திருத்தம் தருவதற்கு மொழியையே மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. அக்டோபர் 10 அன்றே 1.21.3, 1.20.10 என்று இரண்டு வெளியீடுகள் வந்தன. கோ குழுவால் அது முடியும். அதற்கென்று சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் சிலர் சேர்ந்து நடத்தும் மொழி இந்தப் பொறுப்பை ஏற்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இருந்தாலும் கோவிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. வந்த கோரிக்கையை ஏற்று பதில் எழுதும் ஹேண்ட்லர் என்ற சிறிய இடைமுகம் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கிறது. கோரிக்கையை உரிய இடத்துக்கு அனுப்பும் ரவுட்டரை யார் எழுதினாலும், நடப்பதைப் பதிவுசெய்யும் லாகிங்கை யார் எழுதினாலும், அந்த இடைமுகத்தைப் பின்பற்றினால் போதும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். வெவ்வேறு லைப்ரரிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் பொதுவான வடிவங்கள் மொழிக்குள்தான் இருக்க வேண்டும். அதை வெளியே விட்டால் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒன்று செய்துகொள்ளும்.

மிகக் குறைவாக உள்ளே

ரஸ்ட் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ரேண்டம் எண், உரையில் வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போன்ற அன்றாடத் தேவைகள்கூட அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இல்லை. அதன் அதிகாரபூர்வ வழிகாட்டியில் இரண்டாம் அத்தியாயம் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அதை எழுதவே ராண்ட் என்ற வெளி பேக்கேஜை இறக்கச் சொல்கிறார்கள். புதியவருக்கு இது ஒரு தடைதான். ஆனால் இறக்கும் கருவியான கார்கோ முதல் நாளிலிருந்தே மொழியோடு வருவதால் ஒரே வரியில் தாண்டக்கூடிய தடை.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, நல்லவை வெளியே பழுத்த பிறகு உள்ளே வருவது. 2019-இல் வந்த 1.36-இல் பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் ஹாஷ்மேப்பின் உட்புறத்தை வெளியே வளர்ந்த ஹாஷ்பிரவுன் கொண்டு மாற்றினார்கள். 2023 ஜனவரியில், 1.67-இல், ஒரே நிரலில் இணையாக ஓடும் த்ரெட்களுக்கு இடையே செய்தி அனுப்பும் பகுதிக்கு கிராஸ்பீம் வந்தது. ஒரேயொருமுறை நிரப்பப்படும் மதிப்புகளுக்காக வெளியே பல ஆண்டு புழங்கிய ஒன்ஸ்-செல், 2023 ஜூனில் வந்த 1.70-இல் மொழிக்குள் இடம்பிடித்தது. அதற்குள் அதன் வடிவத்தில் இருந்த மேடுபள்ளம் எல்லாம் சமமாகிவிட்டது. உள்ளே வந்த பிறகு மாற்ற முடியாது என்றால், வரும் முன்பே ஆயிரம் பேர் கையில் தேய்ந்து வருவது நல்லதுதானே?

சரி, இதன் விலை என்ன? தேர்ந்தெடுக்கும் சுமை பயனர் தலையில் விழுகிறது. ஒரே வேலைக்கு ஐந்து பேக்கேஜ்கள் இருக்கும். எது உயிரோடு இருக்கிறது, எது கைவிடப்பட்டது என்று அவரே ஆராய வேண்டும். ஒவ்வொன்றும் இன்னும் பத்தைக் கூட்டி வரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜ் ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்-இலிருந்து நீக்கப்பட்டதும் உலகம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் பில்டுகள் (நிரலைக் கட்டும் வேலைகள்) நின்றுபோயின. ஒரு சரத்தின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் வேலை அது. 2017-இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் அந்த வசதி மொழியிலேயே வந்தது. இவ்வளவு சின்ன விஷயம் வெளியே இருந்திருக்கவே கூடாது.

தனியாக ஒரு பெரிய தொகுப்பு

மொழி சிறிதாக இருக்கட்டும், தேர்ந்தெடுத்த லைப்ரரிகளோடு சேர்த்து இன்னொரு பெரிய தொகுப்பை வெளியிடலாம் என்பது கேட்க அழகான யோசனை. ஹாஸ்கெல் பிளாட்ஃபார்ம் 2009-இல் இப்படித்தான் தொடங்கியது. கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது), கருவிகள், பொறுக்கியெடுத்த லைப்ரரிகள் எல்லாம் ஒரே நிறுவியில். ஆனால் அந்த லைப்ரரிகள் கணினி முழுமைக்கும் பொதுவான இடத்தில், குறிப்பிட்ட பதிப்புகளில் அமர்ந்துகொண்டன. வேறொரு திட்டத்துக்கு அதே லைப்ரரியின் புதிய பதிப்பு தேவைப்பட்டால் மோதல். தொகுப்பில் உள்ள எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை வெளியிட முடியாது என்பதால் தாமதமும் சேர்ந்தது. 2022-இல் அதைக் கைவிட்டு, கம்பைலரையும் கருவிகளையும் மட்டும் நிறுவும் ஜிஎச்சிஅப் பக்கம் மக்களை அனுப்பினார்கள். 2016-இல் ரஸ்ட்டுக்கும் இதேபோல் ஒரு பிளாட்ஃபார்ம் வேண்டும் என்ற யோசனை எழுந்தது. சமூகம் அதை ஏற்கவில்லை. சரியான முடிவு என்பது என் கருத்து.

ஆனால் சிறிய, இளம் மொழிக்கு இது வேலை செய்யும். ராகு மொழியின் ராகுடோ ஸ்டார் 2010 ஜூலையில் முதலில் வந்தது. கம்பைலரோடு மாட்யூல்களும் ஆவணங்களும் சேர்த்து, "எடுத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு இது" என்று கொடுத்தார்கள். பேக்கேஜ் சூழல் இன்னும் வளராத காலத்தில், எந்த மாட்யூல்கள் உண்மையிலேயே ஓடுகின்றன என்று சொல்லும் பட்டியலாகவும் அது பயன்பட்டது. விண்டோஸில் பெர்ல் பயன்படுத்துவோருக்கு ஸ்ட்ராபெரி பெர்லும் இப்படித்தான்: சி கம்பைலரும் தேவையான மாட்யூல்களும் ஒரே நிறுவியில் வருவதால், மற்ற மாட்யூல்களைக் கட்டுவதும் எளிதாகிறது. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தின் குறிப்பிட்ட இடைஞ்சலைத் தீர்க்கும்வரை இந்தத் தொகுப்புகளுக்கு மதிப்பு உண்டு. எல்லாருக்குமான அதிகாரபூர்வ வழி என்று ஆக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கூடவே வரும், ஆனால் கழற்றலாம்

நான் சாய்வது இந்தப் பக்கம். இதை மிகத் தெளிவாக வகுத்துக்கொண்ட மொழி ரூபி. ரூபியில் பேக்கேஜுக்கு ஜெம் என்று பெயர். அங்கே டிஃபால்ட் ஜெம் என்று ஒரு வகை. மொழியோடு வரும், தனியாகப் புதுப்பிக்கலாம், ஆனால் நீக்க முடியாது. பண்டில்டு ஜெம் என்று இன்னொரு வகை. அதுவும் மொழியோடு வரும், புதுப்பிக்கலாம், வேண்டாமென்றால் நீக்கவும் செய்யலாம். ஒரு மாட்யூல் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறங்கி, அங்கிருந்து முழுக்க வெளியே போக முடியும். வாசலும் படிகளும் முன்பே கட்டப்பட்டிருக்கின்றன.

அந்தப் படிகளில் இறங்கும்போதும் வலி உண்டு. 2024 டிசம்பரில் வந்த ரூபி 3.4-இல் சிஎஸ்வி, பேஸ்64, பிக்டெசிமல் உள்ளிட்டவை பண்டில்டு ஜெம்களாயின. கணினியில் அவை இன்னும் இருக்கின்றன. ஆனால் ஜெம்களைக் கையாளும் பண்ட்லர் கருவியைப் பயன்படுத்தும் திட்டத்தில், தேவையான ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் பெயர் எழுதாவிட்டால் அவற்றை அழைக்க முடியாது. எத்தனையோ லைப்ரரிகள் தாங்கள் பேஸ்64-ஐச் சார்ந்திருப்பதையே அறிவிக்காமல் பயன்படுத்திக்கொண்டிருந்தன. எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை. ரூபி குழு இதற்கு ஓராண்டு முன்பே, 3.3-இல், "அடுத்த பதிப்பில் இது டிஃபால்ட் ஜெம்மாக இருக்காது, ஜெம்ஃபைலில் சேருங்கள்" என்று பெயர் சொல்லி எச்சரிக்கை தந்தது. அந்த எச்சரிக்கை வராமல் இருந்திருந்தால் குழப்பம் பல மடங்கு ஆகியிருக்கும்.

பெர்ல் இதை இன்னும் நாசூக்காகச் செய்தது. பல மாட்யூல்கள் அங்கே மொழியோடும் வரும், சிபேன் களஞ்சியத்திலும் தனியாக வெளியாகும். தனியாக நிறுவிய பதிப்பு இருந்தால் அதுவே முதலில் எடுக்கப்படும். சிஜிஐ மாட்யூல் 1997-இல் 5.004-ஓடு சேர்ந்தது, 2015-இல் 5.22-இல் வெளியேறியது. இடையில் 5.20-இல் எச்சரிக்கை வந்தது. மொழியோடு வந்த நகலைப் பயன்படுத்தினால் மட்டும் எச்சரிக்கை; சிபேனிலிருந்து நிறுவிக்கொண்டவருக்கு ஒரு சத்தமும் வராது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டவரைத் தொந்தரவு செய்யாமல், செய்யாதவருக்கு மட்டும் நினைவூட்டும் இந்த ஏற்பாட்டை எந்த மொழியும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஆர் மொழியும் நீண்ட காலமாக இதே பாதையில்தான். மாஸ், லாட்டிஸ், மேட்ரிக்ஸ், சர்வைவல் போன்ற 15 பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்கள் மொழியோடு வருகின்றன. கிரான் களஞ்சியத்தில் தனியாகவும் புதுப்பிக்கப்படுகின்றன. அவை இல்லாமலும் ஆர்-ஐக் கட்டலாம். புள்ளியியல் படிப்பவருக்கு நிறுவியதுமே வேலை தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் எதை எங்கே வைப்பது?

மொழிக்குள் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் சொல்வது சிலவே. மற்ற பேக்கேஜ்களைப் பாதுகாப்பாக இறக்கி நிறுவத் தேவையானது, லைப்ரரிகள் தங்களுக்குள் கைமாற்றும் பொது வடிவங்கள், லெஃப்ட்-பேட் போன்ற அடிப்படைச் சின்ன வேலைகள். நிறுவும் கருவியைக் கூடவே அனுப்புவதில் இப்போது பெரிய விவாதமே இல்லை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 2011-இல் என்பிஎம் கருவியைச் சேர்த்தது, பைத்தான் 2014-இல் பிப்பை, ரூபி 2018-இல் பண்ட்லரை. பைத்தான் 3.11-இல் டாம்ல் (TOML) என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தைப் படிக்கும் மாட்யூல் வந்ததற்கும் காரணம் இதுதான்: பேக்கேஜ் விவரங்கள் அந்த வடிவத்தில் எழுதப்படுவதால் நிறுவும் கருவிகளுக்கு அது தேவை. எழுதும் வசதியைச் சேர்க்காமல் படிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எப்படி எழுதுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும்போது அந்தப் பாதியை வெளியே விட்டது நல்ல கட்டுப்பாடு.

நேர மண்டலத்துக்கும் இதேபோல் பாதி உள்ளே, பாதி வெளியே என்பதே பொருந்தும். நாடுகள் தங்கள் நேர விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் அதன் தரவு ஆண்டுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது. பைத்தான் 3.9-இல் கணக்கிடும் நிரலை உள்ளே வைத்து, தரவைக் கணினியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே இல்லையென்றால் டிஇசட்டேட்டா என்ற தனி பேக்கேஜிலிருந்து. மெதுவாக மாறுவதும் வேகமாக மாறுவதும் ஒரே மாட்யூலில் கலந்திருந்தால், சேர்ப்பதா வேண்டாமா என்று வாதிடும் முன் அதை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

ஜேசன், சிஎஸ்வி, டெஸ்ட் கருவி, எளிய எச்டிடிபி கிளையன்ட் இவையெல்லாம் கழற்றக்கூடிய வகையில் கூடவே போகட்டும். தரவுத்தளங்களில் எஸ்கியூலைட் மட்டும் போதும். தனி சர்வர் வேண்டாத ஒன்று என்பதால் அது எங்கும் உதவும். மற்ற தரவுத்தளங்களின் டிரைவர்கள் அந்தந்த சர்வரின் போக்கில் மாறுகிறவை, அவற்றின் இடம் வெளியேதான்.

கிராஃபிக்கல் இடைமுகத்தை நான் சேர்க்க மாட்டேன். ஜாவாவில் ஜாவாஎஃப்எக்ஸ் 2018 செப்டம்பரில் வந்த 11-இல் ஜாவாவின் நிறுவல் தொகுப்பான ஜேடிகேயை விட்டு வெளியேறித் தனி வழியில் போனது. பைத்தானின் டிகின்டர் இன்னும் உள்ளே இருந்தாலும் டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் அதைத் தனி பேக்கேஜாகப் பிரித்தே தருகின்றன. நாம் பிரிக்காவிட்டால் நம்மிடமிருந்து வாங்கி விநியோகிப்பவர்கள் பிரித்துவிடுவார்கள். அது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக நடக்கும்.

தகவலைக் குறியாக்கிப் பாதுகாக்கும் கிரிப்டோ மாட்யூலில்தான் மிகவும் கவனம் வேண்டும். பிஎச்பி மொழியோடு எம்கிரிப்ட் என்ற கிரிப்டோ மாட்யூல் பல ஆண்டுகள் வந்தது. அதன் அடியில் இருந்த சி லைப்ரரியின் வளர்ச்சி 2007-லேயே நின்றுவிட்டது. 2017 இறுதியில் வந்த 7.2-இல்தான் அதை வெளியே அனுப்பி, சோடியம் என்ற இன்னொரு கிரிப்டோ மாட்யூலை உள்ளே கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டுகள், கைவிடப்பட்ட ஒரு லைப்ரரி அதிகாரபூர்வ முத்திரையோடு மக்களின் ரகசியங்களைக் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே வேறொருவர் எழுதிய லைப்ரரிக்குப் போர்வை போடும் மாட்யூல் என்றால், போர்வையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அடியில் இருப்பதன் கடைசி வெளியீடு எப்போது, பராமரிப்பவர் ஒருவரா பலரா, லைசென்ஸ் ஒத்துப்போகிறதா, நாம் ஆதரிக்கும் எல்லா இயங்குதளங்களிலும் கட்ட முடிகிறதா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் மறுபடி பார்க்க வேண்டும்.

சேர்க்கச் சொல்லிக் கேட்பவரிடமும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலாவது, மாட்யூலைக் கவனிக்கக் குறைந்தது இருவர், பெயரோடு. ரூபி 3.0-இல் வெப்ரிக் சர்வர் வெளியேறியதற்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஆள் இல்லாததே காரணம். ஆள் இல்லாத வலைச் சர்வர் மொழியோடு வருவது ஆபத்து. இரண்டாவது, சேர்ந்த நாள் முதலே மாட்யூலுக்குச் சொந்தப் பதிப்பு எண்ணும் களஞ்சியத்தில் தனி இடமும். அப்புறம், மொழியோடு வந்தாலும் சார்புப் பட்டியலில் அதன் பெயரை எழுதினால்தான் அழைக்க முடியும் என்ற விதியையும் அன்றே அமல்படுத்திவிட வேண்டும். பேஸ்64 விஷயத்தில் ரூபி பயனர்கள் ஓராண்டு ஓடியோடி எழுதிச் சேர்த்த அந்த ஒரு வரியை, முதல் நாளிலேயே கேட்டிருந்தால் யாருக்கும் அது சுமையாகத் தெரிந்திருக்காது.